நண்பகலுக்கு முன்: பன்சலையில் முதிய, நோயுற்ற பிக்குகளைப் பார்த்துக்கொள்ள வருவோருக்கு

இலங்கைப் பன்சலை (பௌத்த விகாரை) ஒன்றில் சுகமில்லாமல் இருக்கும் தேரரை, அதாவது மூத்த பிக்குவை, பார்த்துக்கொள்ளப் போகிறவர், நாடி பிடிக்கும் முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பழக வேண்டும். வீட்டில் தாத்தாவைப் பார்த்த அனுபவமும் ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்த அனுபவமும் இங்கே பாதித் தூரந்தான் வரும். படுக்கைப்புண், சீனி (நீரிழிவு), பிரஷர், தடுக்கி விழுதல் எல்லாம் எங்கும் உள்ளவை. ஆனால் இந்த நோயாளி நண்பகலுக்குப் பிறகு சாப்பிடமாட்டார். கையில் ஏந்தித் தராத எதையும் வாயில் வைக்கமாட்டார். இன்னது வேண்டும், இன்ன இடம் நோகிறது என்று தானாக வாய் திறந்து சொல்லவும்மாட்டார். இந்த மூன்றையும் விளங்கிக்கொண்டால் மிச்சம் வழமையான பராமரிப்பு வேலைதான்.

கேட்காத நோயாளி

உறவினர் அல்லாத, தம்மை அழைத்து ‘கேளுங்கள்’ என்று சொல்லாத இல்லறத்தாரிடம் பொருள் கேட்பதை விநயம், அதாவது பிக்குகளின் ஒழுக்க விதி, கட்டுப்படுத்துகிறது. நோயாளிக்கு விலக்கு உண்டு. நோயுற்ற பிக்கு தனக்கு வேண்டிய உணவையும் மருந்தையும் கேட்கலாம். ஆனால் 50 வருடம் கேளாமலே வாழ்ந்தவர் 75 வயதில் கட்டிலில் விழுந்ததும் கேட்கத் தொடங்கிவிடமாட்டார். ஆகவே முதல் நாளே வணங்கி, முறைப்படி சிங்களத்தில் அழைப்பு விடுங்கள்: “அவஷ்ய தெயக் வதாரன்ன, ஹாமுதுருவனே.” தேவையானதைச் சொல்லியருளுங்கள் என்று பொருள். சம்பிரதாயப் பேச்சு என்று இதை எண்ணிவிட வேண்டாம். இதைச் சொன்ன பிறகுதான் பல தேரர்கள் இரவில் தண்ணீர் கேட்கவே துணிவார்கள்.

“நோகுதா?” என்று கேட்டால் “கமக் நே”, பரவாயில்லை, என்ற பதில்தான் வரும். அது பதில் அல்ல. கேள்வியை மாற்றுங்கள்: “நேற்றைவிட இன்று கூடவா, குறைவா?” “0 முதல் 10 வரை எண்ணினால் எத்தனை?” அதற்கும் சிரித்தால் உடம்பைப் பாருங்கள். புரட்டும்போது கட்டில் விளிம்பை இறுகப் பிடிக்கிறாரா, வழக்கமாக முழுதாய்ச் சொல்லும் காதாவை (பாலிச் செய்யுளை) பாதியில் நிறுத்துகிறாரா, கஞ்சிக் கோப்பையைத் தொடாமல் வைத்திருக்கிறாரா?

கையில் ஒரு நல்ல ஆயுதமும் உண்டு. பராமரிக்கக் கடினமான நோயாளியின் ஐந்து குறைகளை விநய நூலான மகாவக்கம் சொல்கிறது. ஒத்துக்கொள்ளாததைச் செய்வது, ஒத்துக்கொள்வதில் அளவறியாமை, மருந்து எடுக்காமை, நோவைப் பொறுக்காமை ஆகியவற்றோடு, நலம் விரும்பிப் பார்ப்பவரிடம் நோய் கூடுகிறதா குறைகிறதா என்று உள்ளபடி சொல்லாமையும் அதில் ஒன்று. டொக்டர் சொல்லிக் கேளாத தேரரும் இதைப் பணிவாக நினைவூட்டினால் கேட்பார்.

அதே இடத்தில் பராமரிப்பவரின் குறைகளும் உள்ளன. மருந்து தயாரிக்கத் தெரியாமை, எது ஒத்துவரும் எது வராது என்று அறியாமை, ஆதாயத்துக்காகப் பார்த்தல், மலமூத்திரம், வாந்தி அகற்ற அருவருத்தல், நல்வார்த்தை சொல்லி உற்சாகப்படுத்தத் தெரியாமை. ஓர் ஆளை வேலைக்கு எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளாக இதைவிடச் சிறந்த பட்டியல் இல்லை.

யாரிடம் கேட்பது

வயிற்றோட்டத்தில் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவி, தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்திய நிகழ்ச்சி எல்லாப் பன்சலையிலும் தெரிந்த ஒன்று. அதன் தொடர்ச்சியில் ஒரு பொறுப்பு வரிசை இருக்கிறது: உபாத்தியாயர், ஆசாரியர், மாணவர், சக பிக்கு, ஒருவரும் இல்லையென்றால் சங்கம் முழுவதும். செய்யாவிட்டால் குற்றம். எனவே சம்பளத்துக்கு வந்த நீங்கள் பொறுப்பாளர் அல்ல, உதவியாளர். தேரரின் மூத்த சிஷ்யர் யார் என்று முதல் நாளே கேட்டு, டொக்டரிடம் பேசுவது, கையெழுத்து வைப்பது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தீர்மானிப்பது யார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசு விடயத்தை தாயக சபையோடு (பன்சலைக்கு உதவும் ஊரார் குழு) வைத்துக்கொள்ளுங்கள். தேரரின் கையில் காசைக் கொடுப்பதும் அவரிடம் சில்லறை கேட்பதும் வேண்டாம்.

பல இடங்களில் உண்மையான வேலை ஒரு சின்ன சாமணேரர் (இளந்துறவி) தலையில்தான் விழுகிறது. 14, 15 வயது, காலையில் பிரிவெனாவில் (பிக்குகளின் பாடசாலை) பாடம், இரவில் தேரரின் அறை. அவரை இரவுக் காவலுக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போடாதீர்கள். தூங்கி விழும் பிள்ளை மருந்தை இரண்டு தரம் கொடுத்துவிடும்.

பேச்சுக்குச் சில சிங்களச் சொற்கள். அறைக்குள் நுழைய “அவசரய், ஹாமுதுருவனே”, அனுமதி கேட்பது. பிக்கு சாப்பிடுவதை ‘வளந்தனவா’ என்றும், குளிப்பதை ‘பென் பஹசு வெனவா’ என்றும், வருத்தமாக இருப்பதை ‘கிலன் வெலா’ என்றும் சொல்ல வேண்டும். சாதாரண மனிதருக்குச் சொல்லும் வினைகளைப் போட்டால் யாரும் அடிக்கமாட்டார்கள். ஆனால் சமையலறையில் இருக்கும் அம்மாமார் உங்களோடு பேசுவதைக் குறைத்துவிடுவார்கள், பிறகு பத்தியக் கஞ்சி நேரத்துக்கு வராது.

கடிகாரமும் குளிசையும்

காலைத் தானம் (ஊரார் கொண்டுவரும் உணவு) 6.30 அளவில், மதியத் தானம் 11.00 அளவில். அதன் பின் மறுநாள் விடியும்வரை திட உணவு இல்லை. ஏறக்குறைய 19 மணித்தியாலம். எல்லை 12.00 மணி அல்ல, சூரியன் உச்சிக்கு வரும் நேரம். கொழும்பில் நவம்பர் தொடக்கத்தில் அது 11.54 அளவில் வந்துவிடும், பெப்ரவரி நடுவில் 12.25 வரை தள்ளும். ஆகவே 11.45க்கு முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாரிசவாதம் வந்து மெதுவாக விழுங்குகிறவருக்கு ஒரு சாப்பாட்டுக்கு 45 நிமிடம் போகும். அவருக்கு 10.30க்கே தொடங்க வேண்டும். 11.30க்குத் தொடங்கி அவசர அவசரமாக ஊட்டியதால் புரையேறி நெஞ்சில் சளி கட்டியவர்கள் பலர்.

ஆபத்து சீனி வருத்தத்தில் இருக்கிறது. டொக்டர் வழக்கம்போல “காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன்” என்று எழுதிவிடுவார். இன்சுலினோ கிளிபென்கிளமைட், கிளிகிளசைட் போன்ற குளிசையோ இரவில் கொடுத்து, அதன்பின் சாப்பாடு இல்லையென்றால் விடியற்காலை 3 மணிக்குச் சீனி இறங்கிவிடும். பக்கத்தில் படுத்திருப்பவர் அதைத் தூக்கம் என்று நினைப்பார். கிளினிக்கில் நீங்கள் முதலில் சொல்ல வேண்டிய வசனம்: “இவர் பகல் 12 மணிக்குப் பிறகு சாப்பிடமாட்டார், அதற்கேற்ப அளவும் நேரமும் போட்டுத் தாருங்கள்.” அதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலும் எழுதி ஒட்டுங்கள். அளவை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. டைக்லோபெனாக் போன்ற நோவுக் குளிசைகளும் வெறும் வயிற்றுக்கு ஆகாது. 11 மணிச் சாப்பாட்டோடு கொடுக்கும்படி மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

வியர்வை, நடுக்கம், உளறல், திடீர் எரிச்சல் கண்டால் சீனி பாருங்கள். 70 mg/dLக்குக் கீழ் என்றால், விழுங்கக்கூடியவராக இருந்தால், தேக்கரண்டியால் 3 மட்டம் சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். சீனி, சர்க்கரை, தேன் மூன்றும் நண்பகலுக்குப் பிறகும் நோயாளிக்கு ஆகுமானவை. எனவே தேரர் மறுக்க மார்க்கமில்லை. நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மேலே சொன்ன குளிசை வகையால் இறங்கிய சீனி ஏறிவிட்டு மறுபடி இறங்கும். தெளிந்துவிட்டார் என்று வீட்டோடு வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

“டொக்டரே சாப்பிடச் சொல்லிவிட்டார், இரவில் கொஞ்சம் சோறு கொடுக்கலாமே” என்பார்கள். நேரந்தவறி உண்ணும் விதியில் நோயாளிக்கு விலக்கு எழுதப்படவில்லை. ஆனாலும் சில தேரர்கள் நோய் காரணமாக உண்டு, பின் முறைப்படி அறிவித்துக்கொள்கிறார்கள். சிலர் எக்காரணத்துக்கும் தொடுவதில்லை. இரண்டும் அவருடைய முடிவு. வற்புறுத்துவதும், தெரியாமல் மாலைப் பானத்தில் அரிசிமா கலந்து கொடுப்பதும் கூடாது. ஒருமுறை கண்டுபிடித்தால் அதன்பின் உங்கள் கையால் பச்சைத் தண்ணீரும் வாங்கமாட்டார்.

மாலையில் கொடுக்கக்கூடியது கிலன்பச: பால் இல்லாத பிளேன்டீ, கொத்தமல்லித் தண்ணீர், பெலிமல் (வில்வம்பூ), ரணவரா (ஆவாரை), இரமுசு (நன்னாரி), வடித்த பழச்சாறு. சாறு என்றால் தசைத்துண்டு ஒன்றும் இல்லாமல் துணியில் வடித்தது. பால் தேத்தண்ணீர் பெரும்பாலான இடங்களில் இல்லை. சிறுநீருக்கு எழும்பப் பயந்து முதியவர்கள் தண்ணீரைக் குறைப்பார்கள். நாளுக்கு 1.5 லீற்றர் என்றால் அதில் பெரும்பங்கை மாலை 6 மணிக்குள் முடித்துவிடுங்கள். இருதயம், சிறுநீரகம் பலவீனமானவருக்கு மட்டும் டொக்டர் சொன்ன அளவு.

ஏந்திக் கொடுத்தல்

தண்ணீரும் பல் துலக்கும் குச்சியும் தவிர வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் ஒருவர் கொடுக்க, பிக்கு ஏற்க வேண்டும். குளிசையும் இதில் அடங்கும், ஊசி அடங்காது. செய்யும் முறை இதுதான். ஒரு ஆள் தூக்கக்கூடிய பாரத்துக்குள் பொருளை வைத்துக்கொள்ளுங்கள். கைக்கெட்டும் தூரத்துக்குள், அதாவது இரண்டரை முழத்துக்குள், வாருங்கள். சற்றுத் தூக்கி, இரண்டு கையாலும் கொடுங்கள். அவர் கையாலோ, கையில் பிடித்த தட்டாலோ ஏற்பார். கை வராத பாரிசவாதக்காரருக்கு மடியில் விரித்த துணியின் ஓரத்தை அவர் விரல் தொட்டிருக்க, துணிமேல் வைத்தால் போதும். தலைமாட்டில் குளிசையை வைத்துவிட்டு “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று போனால் அது விடியும்வரை அங்கேயே கிடக்கும். புதியவர்கள் செய்யும் முதல் பிழை இது. ‘மருந்து எடுக்க மறுக்கிறார்’ என்று கொப்பியில் எழுதியும் விடுவார்கள்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பதிலும் கணக்கு உண்டு. சாப்பாடு அன்று நண்பகல்வரை. சாறு மறுநாள் விடியும்வரை. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், சர்க்கரை 7 நாள். மற்ற மருந்துகள் தேவை இருக்கும் காலம்வரை. கலந்தால் குறைந்த ஆயுளே முழுவதற்கும் ஆகும். தேனில் குழைத்த சூரணம் 7 நாளைக்குத்தான். ஆகவே தேன் போத்தலை முழுதாகக் கொடுக்காமல், உங்கள் பொறுப்பில் சமையலறையில் வைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுங்கள். ஒருமுறை ஏற்றுக்கொண்ட பொருளை நீங்கள் எடுத்து அலுமாரியில் பூட்டி மறுபடி தூக்கிக் கொடுத்தால் கணக்கு குழம்பும். சாமணேரரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மூலிகை இலை வேண்டுமென்றால் நீங்களே பறியுங்கள். செடியைக் கிள்ளும்படி பிக்குவிடம் சொல்லக்கூடாது. மூட்டைப்பூச்சி, எலி விடயமும் அப்படித்தான். “கொல்லவா?” என்று அவரிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். நுளம்பு வலையும், வெயிலில் போட்ட மெத்தையும், மூடிய குப்பை வாளியும் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

தானமும் பத்தியமும்

சீனி வருத்தமும் பிரஷரும் பன்சலையில் இலேசில் கட்டுப்படாததற்குக் காரணம் தேரரின் நாக்கல்ல, ஊராரின் அன்பு. தானம் கொண்டுவரும் குடும்பம் வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அவர்களுக்கு அது விசேட நாள். தேரருக்கோ அது 365இல் ஒன்று. மேசையில் 12 கறி, அப்பளம், கருவாடு, தயிரும் பாணியும், வட்டிலப்பம். கொண்டுவந்தவர் மனம் நோகக்கூடாது என்று தேரர் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுப்பார். பன்னிரண்டு கரண்டி சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

இதற்கு வழி மறுப்பது அல்ல. தான அட்டவணை வைத்திருப்பவரிடம் சொல்லி, முறை வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள்: சிவப்பரிசிச் சோறு ஒரு கோப்பை, பருப்பு, இரண்டு இலைக்கறி, உப்புக் குறைத்த மீன் ஒரு துண்டு, சீனிப் பண்டத்துக்குப் பதில் ஒரு பழம். ‘லொக்கு ஹாமுதுருவோவின் (பெரிய தேரரின்) வருத்தத்துக்கு ஏற்ற தானம்’ என்று தலைப்பிட்டால் சந்தோசமாகச் செய்வார்கள். அன்று எல்லாப் பாத்திரத்தையும் முறைப்படி ஏந்திக் கொடுக்கட்டும். பிறகு நீங்கள் அளந்து போட்டு வைத்த ஒரு தட்டு தேரர் முன் போகட்டும். மிச்சத்தை மற்றப் பிக்குகளும், பின் வந்தவர்களும் உண்பார்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் இது பெரிய பிரச்சினை, தெம்பிலியும் இளநீரும் கொண்டுவந்து குவிப்பார்கள். அவற்றில் பொட்டாசியம் கூட. டொக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். காமரங்காவும் (நட்சத்திரப்பழம்) பிலிங்காயும் அவர்களுக்கு நஞ்சு; சாறாக்கிக் குடித்தால் நல்ல சிறுநீரகமும் கெடும். ‘மூலிகைதானே’ என்று யாரோ கொண்டுவரும் பொடிகளின் பெயரையும் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள்.

உடம்பு, சீவரம்

எழும்ப முடியாதவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முழுப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு அமுங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 பாகை சாய்வு போதும். கெண்டைக்காலுக்குக் கீழ் தலையணை வைத்துக் குதிக்கால் மெத்தையில் படாமல் செய்யுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம், சுற்றியுள்ள சதைக்கு இரத்தம் போகாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள்: வெளுத்துப் பின் சிவந்தால் தப்பித்தீர்கள், வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் படுக்கவே கூடாது.

பன்சலைக்கென்று இரண்டு இடங்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஒன்று, கணுக்காலின் வெளி மொட்டு. நாள் முழுதும் சம்மணமிட்டு இருப்பவர்களுக்கு இருக்கையிலேயே அங்கே புண் வரும். மற்றது சீவர (துறவாடை) மடிப்பு. இரட்டை மடிப்புள்ள தெபட சீவரம் முதுகுக்கடியில் திரண்டால் கயிறுமேல் படுத்த மாதிரி. படுக்கையில் அந்தனயவும் (இடுப்பு உடை) மேலே அங்சகடயவும் (ஒரு தோள் மேலுடை) போதும். தெபட சீவரத்தை மடித்து, தரையில் அல்ல, தலைமாட்டில் உயரமான இடத்தில் வையுங்கள். இடைப்பட்டியின் முடிச்சு முன்பக்கம் வரட்டும்.

கட்டிலில் உடம்பு துடைக்க இரண்டு பேசின், நான்கு சிறு துணி, இரண்டு துவாய், மாற்று அந்தனய ஒன்று. முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் சூடு. அனுமதி கேளுங்கள், கதவைச் சாத்துங்கள், காற்றாடியை நிறுத்துங்கள். மாற்று அந்தனயவை முதலில் மேலே போர்த்திவிட்டு, அதனடியிலிருந்து பழையதை உருவுங்கள். இடுப்பு முதல் முழங்கால்வரை ஒரு கணமும் திறக்க வேண்டியதில்லை. முகம் (சவர்க்காரம் இல்லாமல்), கை, நெஞ்சு, வயிறு, கால், முதுகு என்று இறங்கி, கடைசியாக மறைவிடத்தை வேறு துணியாலும் வேறு தண்ணீராலும் துடையுங்கள். மடிப்புகளை ஒற்றி உலர்த்துங்கள். வலது புயம் எப்போதும் திறந்திருப்பதால் அங்கே தோல் காய்ந்து வெடித்திருக்கும், சிறிது தேங்காயெண்ணெய்.

மலம்பட்ட சீவரத்துக்கு வெளிற்றும் திரவம் போடாதீர்கள். சாயம் திட்டுத் திட்டாகப் போய்விடும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சவர்க்காரம், பிறகு வெயில். மற்றவர் உடுப்போடு சேர்த்துத் துவைப்பதும் ஒரே கொடியில் போடுவதும் இல்லை. பம்பர்ஸ் கட்டினால் 3, 4 மணித்தியாலத்தில் பாருங்கள். சிறுநீர்க் குழாய் போட்டவருக்குப் பை சீவரத்துக்குள் மறைந்து, குழாய் மடங்கி, சிறுநீர் நின்றுவிடும். யாரும் பார்க்காமலே வயிறு வீங்கும். பையை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்குங்கள்.

தலை மழிக்கும் நாளில் அஸ்பிரின், வார்பரின் எடுப்பவருக்கு சவரக்கத்தி வேண்டாம், மின் இயந்திரம் போதும். கத்திதான் என்றால் ஒருவருக்கு ஒரு அலகு. மூன்று பேருக்கு ஒன்று என்பது பழைய பழக்கம், விட வேண்டிய பழக்கம்.

சீனி வருத்தம் உள்ள தேரரின் பாதத்தை ஒவ்வொரு மாலையும் விரலிடுக்கு உட்படப் பாருங்கள். உணர்ச்சி மரத்த வெறுங்காலோடு பகல் 11 மணிக்குத் தாதுகோப மலுவ (தூபி முற்றம்) மணலில் நடந்தால் கொப்புளம் வரும், அவருக்குத் தெரியாது. காலை 8 மணிக்குள் கூட்டிக்கொண்டு போய் வந்துவிடுங்கள்.

விழுதல்

ஆவாசங்கள் (பிக்குகளின் தங்குமிடங்கள்) முதியவர்களை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. மெழுகிப் பளபளக்கும் சிவப்புச் சீமெந்துத் தரை, உயர்ந்த நிலைப்படி, 20 யார் தள்ளி முற்றத்துக்கு அப்பால் குந்துக் கழிப்பறை. செலவில்லாமல் செய்யக்கூடியவை: மெழுகை நிறுத்துங்கள், படி விளிம்புகளில் வெள்ளைக் கோடு அடியுங்கள், இரவில் ஒரு சிறு விளக்கு, கட்டிலோரம் கொமோட் கதிரை, கைக்கெட்டும் இடத்தில் ஒரு மணி. அந்தனய கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும், தடுக்குவது அதுதான். எழும்பும் முன் கட்டில் விளிம்பில் 2 நிமிடம் இருக்கச் செய்யுங்கள். போதிமரத்தடியில் நெற்றி தரையில் பட வணங்கிவிட்டுச் சட்டென எழும்பும்போது பிரஷர் குளிசை எடுப்பவருக்குத் தலை சுற்றும். ஒரு கதிரை பக்கத்தில் வைத்து, இருந்தபடியே வணங்கச் சொன்னால் ஏற்பார்.

உயர்த்தக்கூடிய ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சில தேரர்கள் ‘உயர்ந்த ஆசனம்’ என்று மறுப்பார்கள். உறங்கும்போது முழுதாகத் தாழ்த்தி, புரட்டும்போது மட்டும் உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவதாகச் சொல்லுங்கள். உங்கள் முதுகும் ஒரு முதுகுதான். நீங்கள் இருப்பதற்கு அவரது ஆசனத்தைவிடத் தாழ்ந்த ஒரு முக்காலி.

ஆஸ்பத்திரிக்குப் போகையில்

பல பெரிய ஆஸ்பத்திரிகளில் பிக்குகளுக்குத் தனி வாட்டு உண்டு. அனுமதிக்கும் மேசையிலேயே கேளுங்கள். பையில் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, இப்போது எடுக்கும் குளிசைகள் அவற்றின் உறையோடு, மூன்று சீவரமும். விடியும் வேளையில் மூன்றும் கூடவே இருக்க வேண்டும் என்பது அவருக்கு விதி. ஒன்றை வீட்டில் விட்டால் இரவு முழுதும் அதே கவலை. பெயரை முழுதாக எழுதுங்கள்: ஊர்ப்பெயர், பின் தம்மப் பெயர். ஒரே வாட்டில் மூன்று தம்மானந்தர் இருப்பார்கள், ஊர்ப்பெயர்தான் பிரிக்கும். அரைகுறையாக எழுதியதால் இரத்தப் பரிசோதனை மாறிப் போவதுண்டு.

போயா (முழுநிலா) நாளில் உபோசதம், அதாவது விதிகளை ஓதும் சங்கக் கூட்டம், இருப்பதால் அன்று கிளினிக் திகதி எடுக்காதீர்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர் தன் தூய்மையை (தன்மேல் குற்றமில்லை என்பதை) இன்னொரு பிக்கு மூலம் சொல்லியனுப்பலாம். அந்தப் பிக்கு அறைக்கு வரும் பத்து நிமிடம் அவரை இருத்தி, சீவரம் சரிசெய்து வையுங்கள். அசைத்தால் வருத்தம் கூடும் என்று பார்ப்பவர் கருதினால் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று மகாவக்கமே சொல்கிறது. அந்த இடத்தில் உங்கள் சொல்லுக்குத்தான் மதிப்பு.

பெண் தாதியர் வாட்டில் ஊசி போடுவதிலும் புண் கட்டுவதிலும் தடையில்லை. விதி காமநோக்கோடு தொடுவதைப் பற்றியது. பன்சலை அறையில் மட்டும் கதவு திறந்திருக்க, விடயம் விளங்கும் ஆண் ஒருவர் கூட இருக்க வேண்டும். சில் மாதாக்கள் (சீலம் காக்கும் துறவிப் பெண்கள்), பிக்குணிகளின் ஆராமங்களில் இது மறுதலை: இரவுப் பொறுப்புக்குப் பெண்தான் வேண்டும். அங்கே தானமும் ஆளுதவியும் குறைவு என்பதால், புதிதாக வருகிறவர் தன் நேரத்தை முதலில் அங்கே கொடுக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மறதி வந்தவர்

மகாவக்கத்தில் கக்கர் என்ற பிக்கு வருகிறார். உபோசதத்தைச் சிலவேளை நினைவில் வைப்பார், சிலவேளை மறப்பார். சிலவேளை வருவார், சிலவேளை வரமாட்டார். சங்கம் அவருக்கென்று தனி அனுமதி ஒன்றை நிறைவேற்றி, அவர் வந்தாலும் வராவிட்டாலும் கருமத்தை நடத்தியது. புத்தி பேதலித்தவருக்கு விநயக் குற்றம் இல்லை. எனவே மறதி நோயில் இருக்கும் தேரர் இரவு 8 மணிக்குச் சோறு கேட்டால் சிஷ்யரிடம் பேசி, பயப்படாமல் கொடுங்கள். “நேரம் போய்விட்டது, நீங்கள் பிக்கு அல்லவா” என்று வாதாடினால் வெட்கமும் கோபமும்தான் மிஞ்சும். பேர் மறந்தவரும் பிரித் (பாதுகாப்புக்கு ஓதும் சூத்திரங்கள்) மறப்பதில்லை. குளிப்பாட்ட விடாமல் அடம்பிடித்தால் நீங்கள் கரணீயமெத்த சூத்திரத்தின் முதல் வரியைத் தொடங்குங்கள். அவர் தொடர்வார், கை தளரும். வெளிக்கதவில் ஒரு மணி கட்டுங்கள், விடியற்காலைப் பூசை நேரம் என்று நினைத்து 2 மணிக்கு இறங்கி நடப்பார்கள்.

கடைசி நாட்கள்

சொல்லில் கவனம். “போய்ச் சேர்ந்தால் நிம்மதி” என்று நாம் வீட்டில் சாதாரணமாகச் சொல்வோம். நோயாளியின் மேல் இரங்கி மரணத்தை மெச்சிப் பேசிய பிக்குகள், அவர் இறந்ததும் சங்கத்திலிருந்தே நீங்க வேண்டிய குற்றத்துக்கு ஆளானதாக விநயம் சொல்கிறது. உங்கள் சொல்லுக்கு ஒரு சாமணேரர் தலையாட்டும் நிலையைக்கூட உண்டாக்காதீர்கள். இயந்திரம் பொருத்துவதா, மறுபடி ஆஸ்பத்திரியா என்பதைத் தேரர் தெளிவாக இருக்கும்போதே டொக்டர் அவரிடம் நேரில் கேட்டு, சிஷ்யர் முன்னிலையில் எழுதி வைப்பது நல்லது.

போஜ்ஜங்க சூத்திரங்கள் மூன்றும் கிரிமானந்த சூத்திரமும் ஓதுவார்கள். மகாகஸ்ஸபரும் மொக்கல்லானரும் நோயுற்றபோது புத்தர் ஓதியதும், புத்தர் நோயுற்றபோது சுந்தர் ஓதியதும்தான் அந்த மூன்று. நோவு மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் ஓதத் தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் முன் கொடுங்கள். வாயை ஈரப் பஞ்சால் துடையுங்கள், ஆட்களை ஐந்து பேருக்கு மேல் அறைக்குள் விடாதீர்கள், ஒலிபெருக்கி வேண்டாம்.

மூச்சு நின்ற பின் டொக்டரின் சான்றிதழ்வரை அறையிலிருந்து ஒன்றும் வெளியே போகக்கூடாது. 1931ஆம் ஆண்டு பௌத்த தேவாலயச் சொத்துச் சட்டப்படி, பிக்கு உயிரோடு இருக்கும்போது யாருக்கும் எழுதிக் கொடுக்காத சொந்தப் பொருட்கள், பரம்பரையாக வந்தவை தவிர, அந்த விகாரைக்கே சேரும். ஆகவே தேரர் அன்போடு தந்த கடிகாரமோ குடையோ எதுவாக இருந்தாலும், தந்த அன்றே சிஷ்யருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பாத்திரமும் மூன்று சீவரமும் மட்டும் வேறு கணக்கு: அவற்றை, நோயில் பார்த்துக்கொண்ட பிக்குவுக்கோ சாமணேரருக்கோ சங்கம் கொடுக்கும். மடித்து, தூசி தட்டி, எண்ணி, தலைமாட்டில் இருந்த அதே உயரத்தில் வைத்துவிட்டு, மிஞ்சிய குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் சிஷ்யரின் கையில் ஒப்படையுங்கள்.